தமிழ்நாடா, கேரளாவா? எங்கே வாழ்வது நல்லது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சி. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடம் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் குடியிருந்தேன். இப்போது கணவரின் வேலை காரணமாக மறுபடி கோவை. இரண்டு பக்கமும் வாழ்ந்தவள் என்பதால் ஆள் மாற்றி ஆள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: அந்தப் பக்கம் பெண் கொடுக்க யோசிக்கும் அம்மாக்கள், ஓய்வுபெறப் போகிறவர்கள், கொச்சியில் வேலை கிடைத்த பிள்ளைகள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைச் சேர்த்திருக்கிறேன்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. எது நல்லது, தமிழ்நாடா கேரளாவா?

உங்கள் வயதைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கும், படுக்கையில் விழுந்த பெரியவருக்கும் கேரளா. இருபத்து மூன்று வயதில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி நிற்கும் பிள்ளைக்குத் தமிழ்நாடு. நடுவயதில் இருப்பவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த மாநிலம் என்பதைவிட எந்த ஊர், என்ன வேலை என்பதுதான் முக்கியம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் (படிப்பு, உடல்நலம், வாழ்க்கை வசதி எல்லாம் சேர்த்துப் பார்ப்பது) நாடு முழுவதும் ஏழைகள் 14.96 சதவீதம். தமிழ்நாட்டில் 2.20, கேரளாவில் 0.55. நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் இரண்டு மாநிலங்களைத்தான் ஒப்பிடுகிறோம். ஒன்றை நரகம் என்றும் மற்றதைச் சொர்க்கம் என்றும் பேசுவதில் அர்த்தமே இல்லை.

வாழ்க்கைத் தரம், வாழ்க்கைத் தரம்னு சொல்றாங்களே, அதை எதை வச்சு அளக்குறாங்க?

வருமானம் ஒன்று மட்டும் போதாது. பிறக்கும் குழந்தை பிழைக்கிறதா, எத்தனை வயது வரை வாழ்கிறோம், பெண்கள் படித்திருக்கிறார்களா, குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா, வேலை உண்டா, கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பலதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருமானத்தை மட்டும் பார்த்தால் தமிழ்நாடு மேலே தெரியும், படிப்பையும் ஆயுளையும் பார்த்தால் கேரளா மேலே தெரியும். வாட்ஸ்ஆப்பில் வரும் பட்டியல்கள் ஆளுக்கொரு மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

கேரளாவுல எல்லாரும் படிச்சவங்க, நாமதான் பின்தங்கிட்டோம்னு சொல்றது உண்மையா?

பாதி உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளாவின் எழுத்தறிவு 94 சதவீதம், தமிழ்நாட்டில் 80. பெண்களை மட்டும் எடுத்தால் இடைவெளி இன்னும் பெரிது: அங்கே 92, இங்கே 73.

ஆனால் அந்தக் கணக்கில் ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடக்கம். பள்ளிக்கூடத்தையே பார்க்காத நம் பாட்டிமாரும் அதில் இருக்கிறார்கள். இன்றைய பிள்ளைகளின் கதை வேறு. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் கல்லூரி சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், கேரளாவில் 41.3, நாட்டின் சராசரி 28.4. பாட்டி காலத்தில் பின்தங்கினோம், பேத்தி காலத்தில் முந்திவிட்டோம்.

அப்போ இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சு? மலையாளிங்க இயல்பாவே கெட்டிக்காரங்களா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்கு வரைபடத்திலேயே பதில் இருக்கிறது. 2011 கணக்கில் தமிழ்நாட்டிலேயே அதிக எழுத்தறிவு உள்ள மாவட்டம் கன்னியாகுமரி, கிட்டத்தட்ட 92 சதவீதம். 1956 நவம்பர் 1 வரைக்கும் அது, இன்றைய தென் கேரளாவில் இருந்த பழைய சமஸ்தானமான திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. கேரளாவுக்குள் கடைசி இரண்டு இடங்களில் இருப்பவை பாலக்காடும் வயநாடும், 89 சதவீதம் அளவில். அவை இரண்டின் பெரும்பகுதியும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கோடு மாறிப் பல தலைமுறைகள் ஆகியும் பழைய ஆட்சிகளின் தடம் அழியவில்லை. பேசும் மொழியோ பிறந்த இனமோ காரணமாக இருந்தால் கன்னியாகுமரித் தமிழர்கள் மேலேயும் பாலக்காட்டு மலையாளிகள் கீழேயும் இருக்க முடியுமா?

திருவிதாங்கூரில் 1817-லேயே ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். மிஷன் பள்ளிகள் வந்தன. சமூகச் சீர்திருத்தவாதிகளான நாராயண குருவும் அய்யன்காளியும் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரப் போராடினார்கள். இதெல்லாம் சும்மா கிடைத்ததில்லை, கேட்டு வாங்கியது.

இன்னொரு காரணம் நிலம். 1970 ஜனவரி 1-இலிருந்து கேரளாவில் குத்தகை முறை ஒழிந்தது. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் கிராமத்தில் 10 செண்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. எங்கள் கிராமத்தில் கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கும் நாலு தென்னை, ஒரு பலா, ஒரு கிணறு இருக்கும். சொந்த மண்ணில் நிற்பவனை யாரும் "வெளியே போ" என்று மிரட்ட முடியாது. பிள்ளையைப் பண்ணை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பும் தைரியம் அங்கிருந்துதான் வருகிறது என்று நான் நம்புகிறேன்.

அரசு ஆஸ்பத்திரி எங்க நல்லா இருக்கும்?

முதலில் எண்கள். 2020 கணக்கில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் கேரளாவில் 6, தமிழ்நாட்டில் 13, நாடு முழுவதும் 28. மருத்துவமனைப் பிரசவம் இரண்டு மாநிலத்திலும் 99 சதவீதத்துக்கு மேல். மருந்து விஷயத்தில் தமிழ்நாடுதான் வழிகாட்டி: 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கிக் கொடுக்கும் முறையைப் பார்த்துத்தான் கேரளாவும் பிறகு தனக்கொரு கழகம் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்ததும் பெரிய விஷயம்.

ஆனால் படுத்த படுக்கையாகிவிட்டால் கேரளா போல வராது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் எழுந்திருக்கவே முடியவில்லை. பஞ்சாயத்திலிருந்து நர்ஸ் ஒருவர் ஜீப்பில் வருவார், கூடவே ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர். நர்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சிறுநீர்க் குழாயை மாற்றுவார், முதுகைத் திருப்பிப் படுக்கைப் புண் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். மருமகளிடம், "இரண்டு மணிக்கூறு கூடும்போது சரிச்சு கிடத்தணும், மறக்கல்லே" (இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், மறக்காதீங்க) என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். பாட்டியிடம் பத்து நிமிடம் ஊர்க்கதை பேசுவார். காசு ஒரு ரூபாய் கிடையாது. மருந்தைவிட அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பாட்டி காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இது 1993-ல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் ஆரம்பித்த வேலை. 2008-ல் அரசுக் கொள்கையாகி, பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்தது. 1996-இலிருந்தே கேரளாவில் திட்ட நிதியில் பெரும் பங்கு நேராகப் பஞ்சாயத்துக்குப் போகிறது. அதனால் நர்ஸ் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று எல்லாருக்கும் தெரியும்: மூன்றாவது வீட்டில் இருக்கும் வார்டு மெம்பரை. நம் ஊரில் திட்டம் சென்னையிலிருந்து வரும், நன்றாகவே வரும். வராவிட்டால் யாரிடம் கேட்பது என்பதுதான் குழப்பம்.

அவ்வளவு நல்லதுன்னா பாலக்காட்டுக்காரங்க ஏன் வைத்தியத்துக்குக் கோயம்புத்தூர் வர்றாங்க?

பெரிய அறுவை சிகிச்சை, கண், இதயம் என்றால் வாளையாறு தாண்டினால் ஒரு மணி நேரத்தில் பெரிய மருத்துவமனை. கொச்சியை விடக் கோவை பக்கம். அதே மாதிரி குமரி மாவட்டத்துக்காரர்கள் புற்றுநோய்க்கும் நரம்புக்கும் திருவனந்தபுரம் ஓடுகிறார்கள். வைத்தியத்துக்குப் பக்கத்து ஊர்தான் கணக்கு, மாநிலம் இல்லை.

சம்பளம் எங்க ஜாஸ்தி?

கூலி வேலை என்றால் சந்தேகமே வேண்டாம், கேரளா. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 விவரத்தில் கிராமப்புறக் கட்டட வேலைக்கு ஒரு நாள் சராசரிக் கூலி அங்கே 852 ரூபாய், தமிழ்நாட்டில் 501, நாடு முழுவதும் 393. எங்கள் கிராமத்தில் தேங்காய் பறிக்க ஆள் சொல்லி வைத்து நாள் கணக்கில் காத்திருப்போம்.

படித்தவர்களுக்கான மாதச் சம்பள வேலை என்றால் தமிழ்நாடு. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் இதுதான். ஸ்ரீபெரும்புதூரில் கார், திருப்பூரில் பனியன், கோவையில் பம்பு செட், ஓசூரில் வண்டி உதிரிபாகம் என்று வேலை பல ஊர்களில் பரவிக் கிடக்கிறது. கேரளாவில் கொச்சியையும் திருவனந்தபுரத்தையும் விட்டால் அப்படி விரித்துச் சொல்ல முடியாது.

கூலி அவ்வளவு ஜாஸ்தின்னா அந்த ஊர்ப் பசங்க ஏன் துபாய்க்கும் கனடாவுக்கும் போறாங்க?

படித்த பையன் 852 ரூபாய்க் கூலிக்குச் செங்கல் சுமக்கப் போகமாட்டான். அந்த வேலையை வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள் செய்கிறார்கள். படிப்புக்கேற்ற வேலை உள்ளூரில் போதவில்லை. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 முதல் 29 வயதுக்குள் வேலை தேடும் கேரள இளைஞர்களில் 29.9 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. பெண்களில் அது 47.1. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் தெருவிலேயே பி.எட். முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேர்.

வெளிநாடு போனவர்கள் அனுப்பும் பணம்தான் அங்கே கடைத்தெருவை ஓட்டுகிறது. 2023 கேரள இடம்பெயர்வு ஆய்வு அந்தத் தொகையை வருடத்துக்கு 2.16 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. பெரிய பெரிய வீடுகள். உள்ளே வயதான இரண்டு பேர் மட்டும். சாயங்காலம் திண்ணையில் விளக்கு ஒன்று எரியும், மாடி முழுக்க இருட்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

மாசச் செலவு எங்க கம்மி?

கிராமத்தில் இருந்தால் தமிழ்நாடு கொஞ்சம் கம்மி, நகரத்தில் இருந்தால் கேரளா. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கில் ஒரு ஆளுக்கு மாதம் கேரளக் கிராமத்தில் 5,924 ரூபாய், நம் கிராமத்தில் 5,310. நகரத்தில் அங்கே 7,078, இங்கே 7,630. கவனியுங்கள்: கேரளாவில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையில் பெரிய பள்ளம் இல்லை. கிராமத்திலும் பேக்கரி, லேப், வங்கி எல்லாம் உண்டு.

காய்கறியும் அரிசியும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருவதால் அங்கே விலை கூடுதல். ஆள் கூலி கூடுதல் என்பதால் குழாய் ரிப்பேர், மரம் வெட்டுதல், வீட்டு வேலை எல்லாமே கூடுதல். இங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம், பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ் இலவசம். என் தங்கைக்கு இந்த பஸ் ஒன்றிலேயே மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம்.

ரேஷன், உதவித்தொகை எல்லாம் எங்க நல்லா கொடுக்குறாங்க?

ரேஷன் தமிழ்நாடுதான். இங்கே அரிசி கார்டு இருந்தால் வசதி பார்க்காமல் அரிசி இலவசம். அங்கே மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளை கார்டு என்றால் பெரிதாக எதுவும் கிடைக்காது. முதியோர் உதவித்தொகையில் கேரளா முன்னால்: ரொம்ப நாளாக 1,600 ஆக இருந்தது, 2025 நவம்பரில் 2,000 ஆனது. தமிழ்நாட்டில் 2023-ல்தான் அதை 1,200 ஆக்கினார்கள். இங்கே தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தொடங்கியது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பள்ளிக் காலை உணவு. 2022-ல் தொடங்கியது. என் தங்கை ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சர். முன்பெல்லாம் காலைப் பிரார்த்தனையில் மாதத்துக்கு ஒரு பிள்ளையாவது மயங்கி விழும் என்பாள். வீட்டில் அம்மா ஆறு மணிக்கே மில்லுக்குப் போயிருப்பார், பிள்ளை வெறும் வயிற்றோடு வந்திருக்கும். இப்போது எட்டரை மணிக்கு வரிசையாக உட்கார்ந்து சூடாகப் பொங்கலும் சாம்பாரும் சாப்பிடுகிறார்கள். "அக்கா, முதல் பீரியடில் இப்போ யாரும் தூங்குறதில்லை" என்றாள்.

கேரளான்னா தண்ணிப் பஞ்சமே இருக்காதுல்ல?

நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். கேரளாவில் வருடத்துக்குச் சராசரி 3,000 மில்லிமீட்டர் மழை, தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் கீழே, அது சரிதான். ஆனால் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் ஏப்ரல் மாதம் லாரித் தண்ணீர்தான். ஆழியாறிலிருந்து மணக்கடவு வழியாகத் தமிழ்நாடு தண்ணீர் விட்டால்தான் சித்தூர் வயல் நனையும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருடம் 7.25 டி.எம்.சி. நம் ஆள்கள் கேரளா தண்ணீர் தரவில்லை என்று பேசும்போது, எங்கள் பக்கத்து வயல்காரர் தமிழ்நாடு தண்ணீர் விடவில்லை என்று பேசிக்கொண்டிருப்பார். இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்டிருக்கிறேன்.

பொம்பளைப் பிள்ளைக்கு எந்த ஊர் நல்லது?

படிப்பு, உடல்நலம், பொது இடத்தில் தைரியமாகப் பேசுவது, இதிலெல்லாம் கேரளா. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழு அமைப்பு, பெண்களைப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் உரிமையோடு நடக்க வைத்திருக்கிறது. மாதம் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள், கவரைக் கழுவாமல் கொடுத்தால் என்னையே திருப்பி அனுப்புவார்கள்.

ஆனால் சொந்தச் சம்பளம் என்று வந்தால் தமிழ்நாடு. நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான். நான் மேலே சொன்ன 47.1-ஐ இதோடு சேர்த்துப் பாருங்கள். கையில் சம்பளம் இருக்கிற பெண் எடுக்கும் முடிவுக்குத் தனி பலம் உண்டு. வரதட்சணை இரண்டு பக்கமும் இருக்கிறது. படித்த குடும்பம், கேட்கமாட்டார்கள் என்று நம்பிப் பெண் கொடுக்காதீர்கள், விசாரியுங்கள்.

அங்க சாதி பார்க்க மாட்டாங்களாமே?

வெளிப்படையாகக் குறைவு. டீக்கடையில் தனி டம்ளர், தெருவில் செருப்பு போடத் தடை என்ற கொடுமைகளை அங்கே நான் பார்த்ததில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். தீண்டாமைக்கு எதிரான போரில் இரண்டு மாநிலமும் கூட்டாளிகள் என்பதையும் மறக்க வேண்டாம்; வைக்கத்தில் 1924-ல் போராடிச் சிறை போனவர் பெரியார்.

பட்டியல் சாதியினர் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்து, குடிபெயர்ந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வீடு மாற்றும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை அங்க சேர்த்தா தமிழ் மறந்துடுமா?

சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே மறக்காது. மற்ற ஊர்களில் மலையாளம் படிப்பது பத்தாம் வகுப்பு வரை கட்டாயம், 2017 சட்டம். தமிழ் வீட்டில் நீங்கள் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. என் மகள் இரண்டும் பேசுவாள், தமிழில் எழுத இன்னும் திணறுகிறாள்.

இதைவிடப் பெரிய சிக்கல் மருத்துவப் படிப்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் பாலக்காட்டில் படித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் எட்டாம் வகுப்பில் பையனைப் பாலக்காட்டுக்கு அழைத்து வந்துவிட்டு, பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டு அழுதது.

தமிழர்னா மட்டமா நடத்துவாங்களா?

"பாண்டி" என்று கூப்பிடுவார்கள். கேட்டால் விளையாட்டு என்பார்கள், எனக்கு வலித்தது. நம் சினிமாவும் பேச்சும் மலையாளிகளைப் பற்றிச் சொன்னதும் குறைவில்லை. அக்கம்பக்கத்தில் பழகிவிட்டால் இதெல்லாம் போய்விடும். எனக்குப் பிரசவம் ஆனபோது முதல் பத்து நாள் சோறு வந்தது மூன்று மலையாள வீடுகளிலிருந்து.

இவ்வளவு நல்லா இருக்குன்னா மக்கள் சந்தோஷமாவும் இருக்கணுமே?

இங்கேதான் இரண்டு மாநிலமும் தலைகுனிய வேண்டும். 2022 குற்ற ஆவணக் காப்பக விவரப்படி ஒரு லட்சம் பேருக்குத் தற்கொலை கேரளாவில் 28.5, தமிழ்நாட்டில் 25.9, நாட்டின் சராசரி 12.4. படிப்பும் ஆஸ்பத்திரியும் இருந்தும் இரண்டு மடங்குக்கு மேல். கடன், குடி, தனிமை, பிள்ளைகள் மேல் வைக்கும் எதிர்பார்ப்பு என்று நான் கண்ட காரணங்கள் பல. பாலக்காட்டுப் பாட்டிக்கு நர்ஸ் வந்தார். மனசு உடைந்த பக்கத்து வீட்டு இளைஞனுக்கு யாரும் வரவில்லை. மனநலத்துக்கு இரண்டு அரசும் இன்னும் எவ்வளவோ செய்ய வேண்டும்.

ரிட்டயர்டு ஆகப் போறோம். பாலக்காட்டுல ஒரு வீடு வாங்கிப் போயிடலாமா?

போகலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் வாடகைக்கு ஒரு வருடம் இருந்து பாருங்கள். மழையில் எல்லா வீடும் அழகாக இருக்கும். வீடு பார்க்க ஏப்ரலில் போங்கள், கிணற்றை எட்டிப் பாருங்கள், தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பி இருப்பவர்கள் அங்கே போனால் என்ன ஆகும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தங்கினால் காரையும் அங்கே மறுபதிவு செய்ய வேண்டியிருக்கும், வரி தனி.

அப்புறம் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் வார்டு எண், மெம்பர் பெயர், வீட்டுக்கு வரும் நர்ஸ் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தோம்.